எந்தக் கூட்டத்தோட வந்தே?

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ரேஸ்கோர்ஸ் சாலையில் வண்டிகளைத் தடுத்துவிட்டு நடப்பவர்களுக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். ஒரு முனையில் மேடை போட்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கிடாரும் டிரம்ஸுமாக வெளுத்துக் கட்டினார்கள். சாலையின் இரு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள். பாட்டு இலவசம், சாப்பாட்டுக்கு மட்டும் டோக்கன். நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன சத்தம் இது" என்று முகத்தைச் சுளித்தபடி, காலால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தேன். நானும் அப்படித்தான் நின்றேன்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. காளான் வேண்டும் என்றாள். நம் ஊரில் காளான் என்று விற்பதில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் வரிசையில் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் அவளுடன் படிக்கும் பெண்ணின் அம்மா நின்றிருந்தார். நல்ல மாதிரி. பள்ளிக்கூட வாசலில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம்.

"ஏனுங்க, நீங்க பூர்வீகமே கோயமுத்தூருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, ஈரோட்டுப் பக்கமுங்க," என்றேன்.

"ஈரோட்டுப் பக்கம்னா எங்கீங்க? எங்கம்மா ஊடும் அந்தப் பக்கந்தானுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "சென்னிமலைகிட்டங்க ஆன்ட்டி. எங்க தாத்தா ஊடு காலனியில இருக்குது. லீவுக்குப் போவோம். செம்மயா இருக்கும்."

"அப்படிங்களா," என்றார் அவர். பிறகு கடைக்காரரிடம் காரம் கம்மியாகப் போடச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் இருவரிடமும் வழக்கம்போலவே பேசினார். தட்டை வாங்கிக்கொண்டு போகும்போது, "வாரேனுங்க," என்றும் சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் என் கையிலிருந்த டோக்கன் வியர்வையில் நனைந்து கிழிந்துவிட்டது. இன்றைக்கு வியாழக்கிழமை. நான்கு நாட்களாக எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அலுவலகத்தில் ஒரே கடிதத்தை இரண்டு முறை அனுப்பிவிட்டேன். வாட்ஸப்பில் அந்த வகுப்புத் தாய்மார் குழுவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். ஒரு தவறான வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. பின்னே எதற்கு இந்தப் பதற்றம் என்று கேட்டால், அதற்கு எனக்கு ஆறு வயதாக இருந்தபோது இதே ஊரில் நடந்த இன்னொரு இலவசக் கச்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

அப்போது நாங்கள் பீளமேட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள், முன்னால் பெரிய வீட்டில் வீட்டுக்காரம்மா. அப்பா பம்பு செட் செய்யும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டினார். சாயங்காலம் வரும்போது சட்டைப் பையில் இரும்புச் சுருள்கள் கொண்டுவருவார். லேத்தில் இரும்பைச் சீவும்போது சுருண்டு விழுமே, அது. சூட்டில் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறி, மயில் கழுத்து மாதிரி மின்னும். நுனியை மழுக்கித்தான் கொடுப்பார். ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று தெரியவில்லை.

அந்த வீடு எங்களுக்குக் கிடைத்தது பெரிய விஷயம் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முன்னால் இருந்த வீட்டில் சுவர் எந்நேரமும் ஓதம் ஏறி ஈரமாகவே இருக்கும். தம்பிக்கு இரண்டு வயது. இராத்திரியெல்லாம் அவன் நெஞ்சு விசிலடிக்கும். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அது நின்றது. வெயில் படுகிற வீடு. வாசலிலேயே சிறுவாணித் தண்ணீர்க் குழாய். அம்மா அந்தத் தண்ணீரை முதல் நாள் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்ட மாதிரி இருக்குதுங்க," என்று அப்பாவிடம் சொன்னாள்.

வீட்டுக்காரம்மா தம் ஆட்களுக்கு மட்டும்தான் வீடு விடுவார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அப்பா வீடு கேட்டுப் போன அன்று அவர் ஊரைக் கேட்டிருக்கிறார். அப்பா, "ஈரோட்டுப் பக்கமுங்க," என்றிருக்கிறார். பட்டறை முதலாளியின் பெயரையும் சேர்த்துச் சொன்னதால் அதற்கு மேல் அவர் தோண்டவில்லை. தோண்டாமல் விட்டது அன்றைக்கு மட்டும்தான் என்று அப்பா நினைத்தார். என்றைக்காவது கேட்பார், தன்னிடம் கேட்காவிட்டால் பிள்ளையிடம் கேட்பார். அதனால் எனக்குப் பாடம் ஆரம்பமானது.

தினமும் காலையில் சைக்கிளின் முன் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவார். தை மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போகிற வழியில் முகத்தில் அறையும். உதடு வெடித்து, அம்மா தடவிய தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நிற்கும். என் தலைக்கு மேலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"ஊரு எது அம்மணி?"

"ஈரோட்டுப் பக்கமுங்க."

"பக்கம்னா எங்க?"

"அப்பாவுக்குத்தான் தெரியுமுங்க."

"எந்த வீதி?"

"தெரியாதுங்க."

"எந்தக் கூட்டம்?"

இதற்கு மட்டும் பதில் கிடையாது. யாராவது இதைக் கேட்டால் ஒன்றும் பேசாமல் அம்மாவிடம் ஓடி வந்துவிட வேண்டும். "நிக்கவே கூடாது அம்மணி. ஓடி வந்தரோணும்," என்பார் அப்பா.

நம் பக்கத்தில் கூட்டம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்று, எல்லா ஊரிலும் உள்ள ஜனக்கூட்டம். இன்னொன்று, நிலம் வைத்திருக்கிற குடும்பத்தார் தங்களுக்குள் வைத்திருக்கும் குலப் பிரிவு. "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்று மிக மரியாதையாகக் கேட்பார்கள். பதில் சொன்னால், பங்காளியா, பெண் கொடுக்கிற உறவா என்று உடனே கணக்குப் போட்டு, "அட, நம்ம ஒறம்பரைங்க," என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். பதில் இல்லாதவர்கள் யார் என்பதும் அந்த நிமிடமே தெரிந்துபோகும். நாங்கள் பதில் இல்லாதவர்கள். அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் அந்த நிலங்களில் வேலை செய்தவர்கள்.

ஆறு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. கூட்டம் என்பது நாய், கிணறு, கரண்டுக் கம்பி போல ஏதோ ஒன்று, பக்கத்தில் நிற்கக் கூடாது என்றுதான் புரிந்துவைத்திருந்தேன்.

*

பொங்கல் முடிந்து சில நாட்களில் ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள். மைதானத்தில் ஒரு நாள் முழுக்கப் பாட்டும் கொங்குச் சாப்பாடும். அனைவரும் வருக, அனுமதி இலவசம், உணவும் இலவசம். வீட்டுக்காரம்மாதான் முதலில் கிளம்பினார்.

"ஏனுங்க, எல்லாரும் போலாமுங்க," என்று வாசலில் நின்று நான்கு வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார். "அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போடறாங்களாமா. நெய்யோட."

"சும்மா போடற சோத்துல நெய் எங்கீங்க இருக்கும்? நெய்ச் சட்டியக் காட்டிட்டுக் கொண்டுபோயிருவாங்க," என்றார் இரண்டாவது வீட்டு மாமா.

"உங்க ஊட்டுலதானுங்க அப்படிக் காட்டுவாங்க," என்றார் வீட்டுக்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாமாவின் மனைவிதான் அதிகமாகச் சிரித்தார்.

அப்பாவுக்கு விருப்பமில்லை. "கூப்புடாத எடத்துக்கு எதுக்கு?" என்று உள்ளே அம்மாவிடம் சொன்னார்.

"அதான் அனைவரும் வருகன்னு போட்டிருக்குதுல்லங்க."

"அது நோட்டீஸு. நோட்டீஸுக்கு என்ன தெரியும்."

ஆனால் அம்மா சினிமாக் கொட்டகை தவிர வேறெங்கும் பாட்டுக் கேட்டதில்லை. கடைசியில் போனோம். டவுன் பஸ்ஸில் வீட்டுக்காரம்மா என் தம்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அந்த மாதிரிக் கூஜாவை இப்போது யார் வீட்டிலும் பார்க்க முடிவதில்லை. மூடியைக் கழற்றும்போது ஒரு கிறீச் சத்தம் வரும். பல் கூசும்.

மைதானத்தில் மத்தியானமே ஜனம் நிறைந்திருந்தது. மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் கொஞ்சம் முன்பின்னாகப் பாடியதால், ஒரே வரி நான்கு பக்கமிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. மில் தொழிலாளர்கள் பேண்டு வாசித்தார்கள். கிளாரினெட் வாசித்தவர் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியது. பிறகு ஊதாப் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா பாடினார். என் அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மட்டும் எங்கள் விரிப்பின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பதுபோல் ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டுப் பக்கம் புகை மண்டிக் கிடந்தது. ஆள் உயர அண்டாக்கள். மந்தாரை இலையில் அரிசிம்பருப்புச் சோறு விழுந்ததும் இலை சூட்டில் ஒரு வாசம் விடும். மேலே நெய். உண்மையாகவே நெய்தான். இரண்டாவது வீட்டு மாமா இலையை வழித்துவிட்டு, "நாஞ்சொன்னது தப்புத்தானுங்க," என்று வீட்டுக்காரம்மாவிடம் ஒப்புக்கொண்டார். இடியாப்பம் மாதிரிச் சந்தகையும் தேங்காய்ப் பாலும் இன்னொரு வரிசையில். கடைசி வரிசையில் ஒப்புட்டு, வெளியூரில் போளி என்பார்களே அது, கல்லிலிருந்து எடுத்துச் சுடச்சுட.

நான் ஒரு ஒப்புட்டு தின்றுவிட்டு இன்னொன்று வேண்டும் என்றேன். "போயி வாங்கிட்டு வா, இங்கிருந்து பாத்துட்டுத்தான இருக்கறேன்," என்றாள் அம்மா. போனேன். வரிசை வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பி வந்து எங்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். பாதி தின்ற பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் யாரோ.

உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், பவானி ஜமுக்காளம். சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பட்டை. அன்றைக்கு அந்த மைதானத்துக்கு வந்த குடும்பங்களில் பாதி அதைத்தான் கொண்டுவந்திருந்தது. நான் வேறொருவர் ஜமுக்காளத்தில், வேறொருவர் குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"யாரு கண்ணு நீயி? தின்னு, தின்னு. தின்னுபோட்டுச் சொல்லு," என்றார் ஒரு தாத்தா. நான் பாதி ஒப்புட்டோடு எழுந்துவிட்டேன். அவர்தான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு துணிக் கூடாரத்தில் விட்டார். தொலைந்த பிள்ளைகளுக்கான கூடாரம் அது. சேலையில் மஞ்சள் ரிப்பன் குத்திய ஒரு அம்மா, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கண்ணாடி போட்டவர், எனக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு தம்ளர் ஜூஸ் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அழுகக் கூடாது. பேரென்ன கண்ணு?"

"அம்மணி."

அவர் சிரித்துவிட்டார். "இங்க எல்லா ஊட்டுலயும் அம்மணிதான். பள்ளிக்கூடத்துல என்ன பேரு?"

பள்ளிக்கூடப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். ஜூஸை ஒரு வாய் குடித்தேன்.

"சரி, ஊரு எது?"

"ஈரோட்டுப் பக்கமுங்க."

"அத்தன தூரத்துலிருந்தா வந்தீங்க? பக்கம்னா எங்க கண்ணு?"

"அப்பாவுக்குத்தான் தெரியுமுங்க."

பாடம் பிசகாமல் வந்தது. அவர் ஒரு தாளில் எழுதி மைக்செட்டுக்காரரிடம் நீட்டினார். பாட்டு நின்று, நான்கு பக்கமிருந்தும் அறிவிப்பு வந்தது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த, அம்மணி என்று அழைக்கப்படுகிற, ஆறு வயதுப் பெண் குழந்தை. பச்சைப் பாவாடை. பெற்றோர் உடனே மேடைக்கு அருகில் வரவும்.

அந்த அம்மா திரும்பி என் தலையைத் தடவினார். குனிந்து, மிகவும் பிரியமாகக் கேட்டார்:

"எந்தக் கூட்டத்தோட கண்ணு வந்தே?"

யாருடன் சேர்ந்து வந்தாய் என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். எனக்குக் கேட்டது அந்தச் சொல் மட்டும்தான். தம்ளரைக் கீழே போட்டேன். எழுந்தேன். ஓடினேன்.

*

பின்னால் அவர் கூப்பிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்றுதானே பாடம். கால்களுக்கு நடுவில், சேலைகளுக்கு நடுவில், யாரோ தள்ள, யாரோ திட்ட, ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரு செருப்பு போயிற்று. அம்மாவிடம் ஓட வேண்டும். அம்மா எங்கே என்று தெரியவில்லை. கடைசியில் அண்டாக்களுக்குப் பின்னால், அடுக்கி வைத்த விறகுக்கும் ஒரு லாரிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். புகையில் கண் எரிந்தது. சத்தம் போட்டு அழுதால் அந்தக் கண்ணாடி அம்மா வந்துவிடுவார் என்று பாவாடையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்தில் ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து மந்தாரை இலைகளைத் தண்ணீரில் நனைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார். நான் இன்னும் உள்ளே ஒண்டினேன். "சரி சாமி, கேக்கல," என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஆனால் முக்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, நான் வெளியே போகிற வழியை அடைத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் இறங்கி மரங்களின் மேல்பாதியில் மட்டும் மஞ்சளாக இருந்தது. மறுபடியும் பாட்டு நின்றது. கரகரவென்று ஒரு சத்தம், யாரோ மூச்சு விடுகிற சத்தம். பிறகு நான்கு பக்கமிருந்தும் அப்பாவின் குரல் வந்தது.

"அம்மணி."

நான் எழுந்து நின்றேன்.

"அம்மணி, அப்பா பேசறேன். ஓடாத கண்ணு. நின்ன எடத்துலயே நில்லு." நிறுத்தினார். "பக்கத்துல யாரு இருந்தாலும் அவங்ககிட்டச் சொல்லு. நம்ம ஊரு..." என்று ஊரின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதாமல் விடுகிறேன். அதுவும் ஒரு பழக்கம். "ஊருக்குள்ள இல்ல. காலனி. காலனின்னு சொல்லு. சொல்லலாம் கண்ணு. எந்தக் கூட்டம்னு கேட்டா, நாங்க அதுல இல்லீங்கன்னு சொல்லு. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஓடாத சாமி."

எங்கள் ஊரில் காலனி என்றால் ஒரே இடம்தான், ஊருக்கு வெளியே. இந்த ஊர் ஜனத்துக்கும் அது தெரியும். அந்தச் சொல் ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்ததை நான் நின்று கேட்டேன்.

இலை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், அப்பா சொன்னது அத்தனையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். ஊர்ப் பெயர், காலனி, நாங்க அதுல இல்லீங்க. அவர் ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதச் சொல்லறதுக்கா கண்ணு இத்தன ஓட்டம்?" என்றார். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஆறு வயதுப் பெண்ணை யாரும் இடுப்பில் வைப்பதில்லை. அவர் வைத்துக்கொண்டார்.

கூடாரத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். அப்பா, தம்பியைத் தோளில் போட்ட அம்மா, கூஜாவோடு வீட்டுக்காரம்மா. கண்ணாடி அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா என்னை ஒரு கையாலேயே வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். வீட்டுக்காரம்மாதான் கூஜாவைத் திறந்து, முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்தார். "கெடச்சுட்டியா கண்ணு," என்று இரண்டு முறை சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதை நான் மறைத்து எழுத மாட்டேன்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரம்மா எல்லாப் பெண்களுக்கும் மல்லிகைப்பூ வாங்கினார். எப்போதும் அம்மாவின் தலையில் அவரே வைத்துவிடுவார். அன்று பூவை அம்மாவுக்குப் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்தார். அம்மா எடுத்துத் தானே வைத்துக்கொண்டாள்.

மாசி முடிவதற்குள் வீடு மாறினோம். வீட்டுக்காரம்மா பையனுக்குக் கல்யாணம், வீடு அவங்களுக்கே வேணுமாம் என்று என்னிடம் சொன்னார்கள். நான் நம்பினேன். "கல்யாணத்துக்கு நம்மளக் கூப்புடுவாங்களாப்பா?" என்றுகூடக் கேட்டேன். "கூப்புட்டாப் போலாம் அம்மணி," என்றார் அப்பா.

புது வீட்டிலும் ஓதம். அடுத்த தையில் தம்பியின் நெஞ்சு மறுபடியும் விசிலடிக்க ஆரம்பித்தது. கல்யாணம் என்பது பொய் என்று எனக்குப் புரிந்தபோது பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு மனதில் ஒரு கணக்கு நிலைத்துவிட்டது. நான் தொலைந்தேன், அப்பா சொல்ல வேண்டிவந்தது, வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொன்னார், தம்பிக்கு இழுப்பு வந்தது. எல்லாம் இரண்டாவது ஒப்புட்டுக்கு ஆசைப்பட்டதால். அப்பா அந்தச் சைக்கிள் பாடத்தை அதற்குப் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை. நான்தான் விடவில்லை. கல்லூரியில், வேலையில், கல்யாணமாகிப் போன தெருவில், இப்போது மகளின் பள்ளிக்கூட வாசலில், "ஈரோட்டுப் பக்கமுங்க" என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

*

அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா ஊர் வீட்டில் தம்பியோடு இருக்கிறாள். நேற்று மத்தியானம் அலுவலக மாடிப்படியில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு அந்த மைதானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் தொலையாமல் இருந்திருந்தால் அந்த வீட்டிலேயே இருந்திருப்போம் என்றேன்.

"எந்த ஊடு? அந்தச் சிறுவாணித் தண்ணி ஊடா?"

"ஆமா. என்னாலதான அந்தம்மா நம்மளக் காலி பண்ணச் சொன்னாங்க?"

"யாரு சொன்னா காலி பண்ணச் சொன்னாங்கன்னு?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "இத்தன வருசமா இதையா மனசுல வெச்சுட்டு இருந்தே?"

பிறகு அவள் சொன்னது எனக்குப் புதிது. அறிவிப்பைக் கேட்டதும் அப்பாவும் அவளும் கூடாரத்துக்கு ஓடியிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மாவும் கூடவே. அதற்குள் நான் ஓடிப்போய்விட்டேன். அந்தக் கண்ணாடி அம்மா பதறிப்போய், "எந்தக் கூட்டத்தோட வந்தேன்னுதானுங்க கேட்டேன், எந்திரிச்சு ஓடிருச்சுங்க," என்றிருக்கிறார்.

"அதக் கேட்டதும் உங்கப்பா மொகத்தப் பாக்கோணுமே. அடிவாங்குன மாதிரி நின்னாரு. அப்பறம் மைக்கக் கேட்டாரு. கேட்டுப்போட்டு, பேசறதுக்கு முன்னால ஊட்டுக்காரம்மா பக்கம் திரும்புனாரு. 'ஏனுங்க, நாங்க காலனிக்காரங்க. உங்ககிட்டச் சொல்லாம இருந்துட்டோம். மாசக் கடைசியில காலி பண்ணிக்கிறமுங்க. இப்ப என்ற புள்ளையக் கூப்புட்டுக்கறனுங்க' அப்படின்னாரு. கை கூப்பிக்கிட்டு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க, மொதல்ல புள்ளையக் கூப்புடுங்க'ன்னாங்க."

"அப்பறம் பேசுனாங்களா?"

"இல்ல. இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு உங்கப்பா மாசம் முழுக்கப் பாத்தாரு. நானும் பாத்தேன். அவங்க சொல்லல. போங்கன்னும் சொல்லல."

மாடிப்படியில் யாரோ இறங்கிப் போனார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா அன்றைக்கு ரொம்பப் பயந்துவிட்டாரா என்று கேட்டேன்.

அம்மா யோசித்தாள்.

"மைக்கக் கையில வாங்கறப்ப கை ஆடுச்சு," என்றாள். "ஆனா பேசி முடிச்சப்பறம் அதத் திருப்பிக் குடுக்கவே இல்ல. நீ வந்து சேர்ற வரைக்கும் அப்படியே புடிச்சுட்டு நின்னாரு. அப்பறம் மைக்செட்டுக்காரர்தான் ஒவ்வொரு வெரலா விடுவிச்சு வாங்குனாரு."